ஈரம் காயாத காபி: காயோ மலைக் கிராமத்தின் இன்றும் நாளையும்

காயோ மலையில் ஒரு குடும்பம் தன் காபியை எந்த நிலையில் விற்கிறது என்று தெரிந்தால், அந்த வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிடும். அவசரத் தேவை உள்ள வீடு பறித்த பழத்தை அப்படியே விற்கும். பெரும்பாலான வீடுகள் பழத்தோலை உரித்து, கழுவி, ஈரக் கொட்டையாக விற்கும். காயவைத்து, எடை போட்டு, விலை கேட்டு விற்கும் வீடுகள் குறைவு. இந்தக் காபிக்கு 2010-ல் இந்தோனேசியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவானது. பெயர் உலகம் சுற்றுகிறது. அந்தப் பெயருக்குக் கிடைக்கும் பணத்தில் ஊருக்குள் தங்குவது எவ்வளவு என்பதைக் கொட்டையில் இருக்கும் ஈரம்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

காயோ என்பது சுமத்ராவின் வடகோடியில் உள்ள ஆச்சே மாகாணத்தின் நடுமலைப் பகுதி. ஆச்சே தெங்ஙா, பெனர் மெரியா, காயோ லுவெஸ் என்று மூன்று மாவட்டங்கள். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் லுத் தாவார் ஏரி, அதன் மேற்குக் கரையில் தாகெங்கோன் நகரம், வடக்கே 2,600 மீட்டரைத் தாண்டும் புர்னி தெலோங் எரிமலை. ஏரியைச் சுற்றியும் எரிமலைச் சரிவிலும் 1,200 முதல் 1,600 மீட்டர் வரை அராபிகாத் தோட்டங்கள். ஊரைக் கம்போங் என்றும் ஊர்த்தலைவரை ரெஜே என்றும் அழைப்பார்கள். ரெஜே, இமாம், ஊர்ப் பெரியவர்கள், மக்கள் பிரதிநிதிகள் என நான்கு தரப்பும் சேர்ந்த 'சாரக் ஓபாத்' என்ற பழைய அமைப்பு இன்றும் நிலத்தகராறிலிருந்து கல்யாணப் பேச்சு வரை உட்கார்ந்து முடிவு செய்கிறது. காயோ மக்களோடு, ஜாவாவிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெனர் மெரியாவில் நிறையப் பேர். இந்தோனேசிய அரசுக்கும் ஆச்சே விடுதலைப் போராளிகளுக்கும் இடையே 2005-ல் ஹெல்சின்கி அமைதி ஒப்பந்தம் வரும்வரை நடந்த ஆயுதப் போராட்டத்தில் பல ஊர்கள் காலியாகி, தோட்டங்கள் காடாகிப் போயின. இப்போது பறிக்கும் மரங்களில் பல அதற்குப் பிறகு திருத்தப்பட்டவை.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது இரண்டரை ஏக்கர். விளைச்சல் காய்ந்த பச்சைக் கொட்டைக் கணக்கில், அதாவது தொலி நீக்கிய, வறுக்காத கொட்டையாக, 700 முதல் 800 கிலோ. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஆறு கிலோ பழம் தேவை. ஆக ஆண்டுக்குச் சுமார் நாலரை டன் பழம் பறிக்க வேண்டும். பெரிய அறுவடை அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். மார்ச்சிலிருந்து மே, ஜூன் வரை சின்ன அறுவடை. ஒரே கிளையில் பூ, பச்சைக்காய், பழம் மூன்றும் இருக்கும் என்பதால் அதே மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை திரும்பி வர வேண்டும். நன்றாகக் கைவரும் ஒருவர் நாளைக்கு 50 கிலோ பறிப்பார். கணக்குப் போட்டால் ஒரு ஹெக்டேருக்கு 90 ஆள் நாள் பறிப்பு. கணவன், மனைவி இருவரும் பறித்தாலும் நவம்பர், டிசம்பர் உச்சத்தில் கூலியாள் இல்லாமல் முடியாது. கூலி 'காலெங்' கணக்கில் கொடுக்கப்படும்: 20 லிட்டர் தகர டின், பழம் நிறைந்தால் சுமார் 12 கிலோ. கூலியாள் கிடைக்காத வாரத்தில் பழம் கறுத்துக் கீழே விழும். விழுந்த பழம் இந்த ஆண்டின் நட்டம் மட்டும் அல்ல. காய்த்துளைப்பான் வண்டு அதற்குள் உட்கார்ந்து அடுத்த அறுவடைக்காகக் காத்திருக்கும்.

பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும். முதலில் பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளிவிட வேண்டும். வண்டு துளைத்ததும் உள்ளே கொட்டை நிறையாததும் மிதக்கும். மிதந்ததைக் குப்பையில் போட்டால் வண்டு தப்பிவிடும். கொதிநீரில் போட வேண்டும், அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். அடுத்து, தோல் உரிக்கும் இயந்திரமான பல்ப்பர். கையால் சுற்றுவதோ சின்ன இன்ஜின் வைத்ததோ பெரும்பாலான வீடுகளில் இருக்கும். உருளைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பழத்தின் அளவுக்கு ஏற்றபடி அறுவடைக்குள் இரண்டு மூன்று முறை சரிசெய்யாவிட்டால், பெரிய கொட்டை கீறப்படும், சின்னப் பழம் உரியாமல் வெளியே வரும். கீறல் விழுந்த இடத்தில் புளிப்பேறும். அதைப் பிறகு எந்த ஆலையாலும் சரிசெய்ய முடியாது.

உரித்த கொட்டையைச் சாக்கிலோ தொட்டியிலோ ஓர் இரவு வைத்தால் வழவழப்பு கரையும். இந்தக் குளிரில் 12 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கூழாங்கல் போல் சரசரத்தால் கழுவலாம், வழுக்கினால் காத்திருக்க வேண்டும். கழுவி வடித்த கொட்டையின் மேல் ஒரு மெல்லிய ஓட்டுத் தொலி இருக்கும். இந்த நிலையில் அதன் பெயர் 'காபா'. 100 கிலோ பழத்தில் 40 முதல் 45 கிலோ காபா கிடைக்கும். கொட்டையில் பாதி எடை தண்ணீர்.

நம் ஏற்காட்டிலும் குடகிலும் இந்தத் தொலியோடேயே முற்றத்தில் காயவைத்து, ஈரம் 11 சதவீதம் அளவுக்கு வந்த பிறகுதான் ஆலைக்கு அனுப்புவார்கள். காயோவில் அப்படிச் செய்வதில்லை. அரை நாள் வெயில் காட்டி, மேல் ஈரம் மட்டும் போனதும் காபாவை விற்றுவிடுகிறார்கள். பல ஊர்களில் எடையில் அல்ல, 'பம்பு' என்ற இரண்டு லிட்டர் அளவையில்தான் விற்பனை. வாங்கும் வியாபாரி, ஈரம் 30 முதல் 40 சதவீதம் இருக்கும்போதே 'கிலாங்' எனப்படும் ஆலையில் தொலியை நீக்கிவிடுவார். தொலி போன வெறும் கொட்டை தார்ப்பாயில் காயும். 14 முதல் 18 சதவீதத்துக்கு வந்ததும் அது 'அசாலான்' என்ற பெயரில் தாகெங்கோனுக்கோ வட சுமத்ராவின் தலைநகரான மேடானுக்கோ போகும். ஏற்றுமதியாளர் மீண்டும் காயவைத்து, தேர்ந்தெடுத்து, பெலாவான் துறைமுகத்தில் ஏற்றுவார். இந்த முறைக்கு 'கிலிங் பாசா', அதாவது ஈரத் தொலி நீக்கல், என்று பெயர். சுமத்ராக் காபியை வாயில் வைத்ததும் உணரும் கனமும் குறைந்த புளிப்பும் மண்வாசமும் பெரும்பாலும் இதிலிருந்து வருபவை.

ஏன் இப்படி? முதல் காரணம் மழை. பெரிய அறுவடை மழைக்காலத்தில்தான் வருகிறது. தொலியோடு காய இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம்கூட ஆகும். தொலி இல்லாத கொட்டை இரண்டு முதல் நான்கு வெயில் நாளில் காய்ந்துவிடும். இரண்டாவது காரணம் பணம். காலையில் கழுவிய காபா மாலையில் ரொக்கமாகிவிடும். இந்த இரண்டு காரணங்களும் நியாயமானவை. விவசாயிக்குப் பொறுமை இல்லை என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஆனால் இந்த முறைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது. ஊறிய கொட்டை மென்மையானது. ஆலையின் உராய்வில் நுனி பிளந்து நசுங்கும். ஆட்டுக் குளம்பு போல இருப்பதால் இந்தக் குறைக்கு 'கூகூ கம்பிங்' என்றே பெயர். காபா அதிக ஈரமாக இருந்தால் ஆலை அடைத்துக்கொள்ளும், நசுங்கல் கூடும். மேல் ஈரம் போகாமல் சாக்கில் கட்டி ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் புளித்த வாடை ஏறும். தொலி என்பது இயற்கை கொடுத்த உறை. அதைக் கழற்றிவிட்டு வெறும் கொட்டையைச் சாலையோரத் தார்ப்பாயில் போட்டால் தூசி, கோழி, டீசல் புகை எல்லாம் அதில் ஏறும். இந்தோனேசியத் தரநிலைப்படி ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் தரத்துக்கு 300 கிராம் மாதிரியில், பழுதான கொட்டைகளுக்குப் போடும் குறைப்புள்ளி 11-க்குள் இருக்க வேண்டும். அந்த முதல் தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, காயவைத்துப் பொறுக்கி எடுக்கும் இடத்தில்தான் சேர்கிறது. அந்த இடம் இன்று ஊருக்கு வெளியே இருக்கிறது.

வியாபாரியின் கடன்

காபா வாங்கும் வியாபாரியைத் 'தொகே' என்பார்கள். அவரை வில்லனாக்கிப் பேசுவது எளிது. நிஜம் அப்படி இல்லை. இரண்டு அறுவடைகளுக்கும் நடுவில், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, வீட்டில் காசே இருக்காது. பள்ளி தொடங்கும் செலவும் அந்த மாதங்களில்தான். அப்போது காகிதம் கேட்காமல், ஜாமீன் கேட்காமல் பணமும் அரிசியும் கொடுப்பவர் அவர். வட்டி என்று எதுவும் எழுதப்படாது. அறுவடை வந்ததும் காபாவை அவரிடமே கொடுக்க வேண்டும். பம்புக்குச் சற்றுக் குறைந்த விலை போடுவார். அந்தக் குறைவுதான் வட்டி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது மலையிலும் விலை ஏறியது உண்மை. ஆனால் செப்டம்பரிலேயே கை நீட்டிவிட்ட வீட்டுக்கு அந்த ஏற்றத்தின் முழுப் பலனும் வந்து சேரவில்லை. விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியாது: ஈரமான காபா இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. தாங்காத பண்டத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச யாராலும் முடியாது.

சாலையும் இதே கதைதான். காயோவை வடக்குக் கடற்கரையோடு இணைப்பது டச்சுக்காரர் காலத்துத் தடத்தில் போகும் பிருவென்–தாகெங்கோன் சாலை. சுமார் 100 கிலோமீட்டர், பெரும்பகுதி வளைவும் சரிவும். இன்னொன்று, லோக்சுமாவே பக்கத்துக் காகித ஆலைக்குப் பைன் மரம் கொண்டுபோகப் போட்ட சாலை. 2025 நவம்பர் இறுதியில் வந்த புயல் மழையில் மண் சரிந்து, பாலங்கள் அறுந்து, ஆச்சே தெங்ஙாவும் பெனர் மெரியாவும் தரைவழியில் துண்டிக்கப்பட்டன. அது அறுவடையின் உச்ச வாரம். எரிபொருள் மேலே வரவில்லை, காபி கீழே போகவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் 12 சதவீதத்துக்குக் காய்ந்த தொலிக் கொட்டை இருந்தால், உலர்ந்த அறையில் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி ஆறு மாதம் வைக்கலாம். சாலை திறக்கும்வரை காத்திருக்கலாம். ஈரக் காபா அங்கேயே அழுகும். சாலையைச் சரிசெய்வது அரசின் வேலை. சாலை அறுந்தாலும் அழியாத பண்டத்தைக் கையில் வைத்திருப்பது ஊரால் முடிகிற காரியம்.

காயவைக்கும் கூடாரம்

இதற்குத் தேவையான பொருள் பெரிதல்ல. மூங்கிலோ துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ வைத்த வளைவுச் சட்டம், அதன்மேல் 200 மைக்ரான் தடிமனுள்ள, வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே இடுப்பு உயரத்தில், 80 முதல் 100 சென்டிமீட்டரில், கம்பிவலை அல்லது நைலான் வலை விரித்த பரண்கள். பரணில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் கொட்டை இருக்கக் கூடாது. அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 15 கிலோ ஈரக் காபா பரப்பலாம். உச்சப் பறிப்பில் ஒரு வீட்டுக்கு 450 கிலோ பழம் வந்தால் 200 கிலோ காபா. 14 சதுர மீட்டர் பரண் போதும். அதாவது நடைவழியும் சேர்த்து நாலுக்கு ஆறு மீட்டர் கூடாரம். ஆனால் முதல் பறிப்பு காய்வதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் இரண்டு தளப் பரண் போட்டு, புதிய கொட்டையை மேலே, பாதி காய்ந்ததைக் கீழே வைப்பது நல்லது. கீழ்த்தளத்தில் வெயில் குறைவு, காற்று போதும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். சூடு போய்விடும் என்று பயந்து இரண்டு முனைகளையும் அடைத்துவிடுவது முதல் தவறு. உள்ளே வெப்பம் ஏறும், ஈரம் வெளியேற வழி இருக்காது, கொட்டை வேகும், பூஞ்சை பிடிக்கும். முனைகள் பகலில் திறந்திருக்க வேண்டும், கூரை உச்சியில் காற்றுவழி இருக்க வேண்டும். அடுத்தது இரவு. 15 டிகிரிக் குளிரில் பிளாஸ்டிக்கின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். கூரை தட்டையாக இருந்தால் சொட்டு நேரே கொட்டையில் விழும். சரிவாக இருந்தால் ஓரமாக வழிந்துவிடும். மாலையில் கொட்டையைக் குவித்துத் துணி போட்டு மூடி, காலையில் பனி விலகிய பிறகே பரப்ப வேண்டும். கடைசி, கிளறுவது. முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு முறை. தோட்டத்துக்குப் போய்விட்டால் யார் கிளறுவது? தனி வீடு வைத்த கூடாரங்கள் பல வீணாவது இங்கேதான். அதனால்தான் ஐந்தாறு வீடுகளுக்கு ஒரு கூடாரம், அதற்குக் கூலி கொடுத்து ஓர் ஆள் என்ற ஏற்பாட்டை நான் வலியுறுத்துகிறேன்.

ஈரம் அளக்கும் கருவி ஒன்று குழுவுக்குக் கட்டாயம் வேண்டும். பல்லில் கடித்துப் பார்க்கும் அனுபவம் 14-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. அந்த இரண்டு சதவீதம்தான் கிடங்கில் பூஞ்சை வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கூடாரம் வைத்துக்கொண்டு கிலிங் பாசாவைக் கைவிட வேண்டியதில்லை. வாங்குபவர் சுமத்ராவின் அந்தக் கனத்த சுவையைத்தான் கேட்கிறார் என்றால், தொலி நீக்கிய கொட்டையைத் தார்ப்பாய்க்குப் பதில் இதே பரணில் காயவைக்கலாம். சுவை அப்படியே இருக்கும், மண்ணும் புகையும் போகும். இளைஞர்கள் பலர் இப்போது பழத்தை முழுதாகக் காயவைக்கும் முறைக்கு ஆசைப்படுகிறார்கள், விலை அதிகம். ஆனால் அது மூன்று நான்கு வாரம் பரணை அடைத்துக்கொள்ளும், நவம்பர் மழையில் பூசணம் பிடிக்கும் ஆபத்தும் மிக அதிகம். மழை குறைந்த வாரங்களில், பறிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் போடாமல் இருப்பது நல்லது.

மரம்

காய்ந்த கொட்டையாக விற்றாலும் 750 கிலோவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும்? விளைச்சல் குறைவுக்கு முக்கியக் காரணம் வயதான, கவாத்து செய்யாத மரங்கள். தீமோர் கலப்பினத்திலிருந்து வந்த காயோ 1, போர்போர் எனப்படும் காயோ 2 ஆகிய இரண்டும் 2010-ல் அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட ரகங்கள். குட்டையான அத்தெங் ரகம் நிறையக் காய்க்கும். உரம் குறைந்தால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பிடுங்கி நட்டால் மூன்று ஆண்டு வருமானம் இல்லை. அதனால் தண்டை முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே, 30 முதல் 40 சென்டிமீட்டரில், தண்ணீர் வழியும்படி சாய்வாக வெட்டி, வரும் துளிர்களில் இரண்டோ மூன்றோ நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடும் முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டாம் ஆண்டே கொஞ்சம் காய்க்கத் தொடங்கும். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டக் கூடாது; மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று ஆண்டு. பெரிய அறுவடை முடிந்ததும் வெட்ட வேண்டும். வெட்டிய கட்டை அடுப்புக்கு ஆகும். மானிய விலையில் வரும் மூன்று கிலோ எரிவாயு உருளை மலையேறும்போது விலையும் ஏறிவிடுவதால் அந்த விறகுக்கு மதிப்பு உண்டு.

இயற்கை வேளாண் சான்றிதழ் உள்ள தோட்டங்களில் யூரியா போட முடியாது. அது சரிதான், ஆனால் எடுப்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 750 கிலோ பச்சைக் கொட்டையோடு, பழத்தோலையும் சேர்த்தால், ஏறக்குறைய 25 கிலோவுக்கு மேல் தழைச்சத்து தோட்டத்தைவிட்டுப் போகிறது. சாம்பல்சத்தும் அதே அளவு. பழத்தோலில் பெரும்பங்கு சாம்பல்சத்து இருக்கிறது. அதைத்தான் பல ஊர்களில் ஓடையில் தள்ளிவிடுகிறார்கள். ஓடைநீர் புளித்து மீன் செத்துப்போகிறது, தோட்டம் பட்டினி கிடக்கிறது. தோலைக் குழியில் ஆட்டுச்சாணத்தோடு மாற்றி மாற்றி அடுக்கி, மாதம் ஒரு முறை புரட்டி, மூன்று நான்கு மாதம் கழித்து மரத்துக்கு ஐந்து கிலோ வீதம் போட்டாலே இலையின் நிறம் மாறுவதைக் காணலாம். நிழலுக்கு நிற்கும் சவுண்டலைக் கவாத்து செய்து தழையை அப்படியே தரையில் போட வேண்டும். நிழல் அடர்ந்தால் பூ குறையும், முழுதாக அகற்றினால் மரம் ஒரே ஆண்டில் அதிகம் காய்த்து அடுத்த ஆண்டு காய்ந்துபோகும்.

வண்டு முன்பு தாழ்வான தோட்டங்களின் பிரச்சினையாக இருந்தது. வெப்பம் கூடக் கூட மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மெத்தனால், எத்தனால் கலவை வைத்த சிவப்புப் பாட்டில் பொறிகள் உதவும், ஆனால் அறுவடை முடிந்த பிறகு மரத்தில் ஒரு பழமும் தரையில் ஒரு பழமும் இல்லாமல் பொறுக்குவதற்கு ஈடாக எதுவும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பொறுக்காவிட்டால் இவர் பொறுக்கியது பாதி வீண். இது சாரக் ஓபாத் கூட்டத்தில் ஊர்க்கட்டுப்பாடாகவே வைக்க வேண்டிய விஷயம்.

காபிக்கு நடுவே வெண்ணெய்ப்பழம், ஆரஞ்சு, மரத்தக்காளி, மிளகாய் எல்லாம் வளர்கின்றன. கெத்தோல் பக்கம் கரும்பு, காயோ லுவெஸில் வாசனைப் புல் எண்ணெய். மிளகாயும் தக்காளியும் நூறு நாளில் காசு கொடுக்கும். எல்லோரும் ஒன்றாக நட்டால் பறிகூலிக்கும் கட்டாது. வெண்ணெய்ப்பழம் பராமரிப்பு இல்லாமல் ஜூலைச் செலவுக்கு உதவும் என்பதால் வரப்போரம் பத்து மரம் இருப்பது நல்லது. ஏரியின் தெபிக் மீன் வேறெங்கும் கிடைக்காத வகை, வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது; அதை நம்பிப் பிழைப்பு நடத்த இனி முடியாது.

பணம் எங்கிருந்து

2014-ன் கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் மத்திய அரசின் கிராம நிதி நேரடியாக வருகிறது. 2023-ல் சுமார் 75,000 கிராமங்களுக்கு 70 டிரில்லியன் ரூபியா. சராசரியாக ஒரு கிராமத்துக்கு 93 கோடி ரூபியா, நம் பணத்தில் ஏறக்குறைய 50 லட்சம். ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவி போக, குறைந்தது 20 சதவீதம் உணவுப் பாதுகாப்புக்கு என்று விதி இருந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி தோட்டச் சாலைக் கான்கிரீட்டுக்கும் வடிகாலுக்கும் போகிறது. தோட்டச் சாலை தேவைதான். மூட்டை தலைச்சுமையாகப் போனால் கூலி தின்றுவிடும். ஆனால் ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் கூடாரமும் கிடங்கும் கேட்பவர்கள் குறைவு. அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவது முக்கியம். காயவைப்பதும் கொட்டை பொறுக்குவதும் அவர்கள் கையில் இருக்கிறது. பெண்களே தலைமையேற்று நடத்தும் காபிக் கூட்டுறவுகள் இந்த மலையில் ஏற்கெனவே ஏற்றுமதி செய்கின்றன.

அறவணிக (ஃபேர்டிரேட்) சான்றிதழ் உள்ள கூட்டுறவுக்குப் பவுண்டுக்கு 20 சென்ட் கூடுதல் தொகை வரும். ஒரு வீட்டின் 750 கிலோவுக்கு அது சுமார் 330 டாலர். தனிக் கைக்கு வராது. பொதுக்குழு முடிவு செய்து செலவிட வேண்டும். ஆச்சேயில் 2018-ன் மாகாணச் சட்டப்படி இஸ்லாமிய முறை வங்கிகள் மட்டுமே இயங்குகின்றன. அரசு மானியக் கடனும், வட்டிக்குப் பதிலாக வங்கி பொருளை வாங்கி லாபம் சேர்த்து விற்கும் கொள்முதல்-லாப ஒப்பந்தமாகவே வரும். கடன் வாங்கும்போது மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு ஆகஸ்டில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அறுவடைக்குப் பின் கட்டும் முறை இருக்கிறது, கேட்டால்தான் கொடுப்பார்கள். காய்ந்த கொட்டையைப் பதிவுபெற்ற கிடங்கில் வைத்து, அந்த ரசீதின் பேரில் மதிப்பில் 70 சதவீதம் வரை கடன் பெறும் வசதியும் நாட்டில் உண்டு. ஈரக் காபாவை அங்கே வாங்க மாட்டார்கள்.

ஐரோப்பாவின் காடழிப்புத் தடைச் சட்டம் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டாலும் வரத்தான் போகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்திலிருந்து வரும் காபி அங்கே நுழைய முடியாது. நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு வரைபட எல்லை வேண்டாம், ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும், கைப்பேசியிலேயே எடுக்கலாம். சிக்கல் அதில் இல்லை. பல தொகேக்கள் வழியாகக் கலந்து வரும் காபாவில் எந்தப் பம்பு எந்தத் தோட்டத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரிலேயே காயவைத்து, மூட்டையில் எண் எழுதினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படித்த பிள்ளைகள் தங்குவார்களா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். தொடக்கப்பள்ளி ஊரில், நடுநிலைப்பள்ளி வட்டத் தலைமையிடத்தில், மேல்நிலைப்பள்ளிக்குப் பெரும்பாலும் விடுதியோ உறவினர் வீடோ. மருத்துவத்துக்கு ஊர்ச் செவிலி, மாதாந்திரத் தாய்சேய் முகாம், வட்டச் சுகாதார நிலையம், அதற்கு மேல் தாகெங்கோன் மருத்துவமனை. பிள்ளைகள் திரும்பி வந்து காலெங் கூலிக்குப் பழம் பறிக்க மாட்டார்கள். ஈரம் அளப்பது, மாதிரி வறுத்துச் சுவை பார்ப்பது, மூட்டைப் பதிவேடு, வாங்குபவரோடு கடிதப் போக்குவரத்து என்றால் அது அவர்கள் படிப்புக்கு ஏற்ற வேலை. இருபது வீட்டுக் குழுவுக்கு அப்படி இரண்டு மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வறுத்த பொட்டலத்தை இணையத்தில் விற்பது இன்னும் ஓரிருவருக்கு உதவும். ஊரின் மொத்த விளைச்சலை அது தாங்காது.

தொடங்குவதென்றால் இருபது வீடு, நான்கு கூடாரம், ஒரு ஈரமானி, மரச்சட்டம் போட்ட ஒரு கிடங்கு. முதல் ஆண்டு ஒவ்வொரு வீடும் தன் பறிப்பில் கால் பங்கை மட்டும் குழுவில் போடட்டும். மிச்சம் வழக்கம்போல் தொகேயிடம் போகட்டும், அந்த உறவை முறிக்க வேண்டாம். கொட்டையைக் கொண்டுவந்த அன்றே அன்றைய காபா விலையில் 70 சதவீதம் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். இதற்கான சுழற்சிப் பணம் கையில் இல்லாமல் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் கூடாரம் காலியாகிவிடும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். எடை, ஈரம், வீட்டின் பெயர், தோட்டப் புள்ளி, கொடுத்த முன்பணம் ஆகிய ஐந்தும் ஒரே நோட்டில், எல்லோரும் பார்க்கும்படி, கிடங்கின் கதவருகே தொங்க வேண்டும். மீதி 30 சதவீதத்தை எந்த வாரம் கொடுப்போம் என்பதையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.